பார்த்ததைச் சொல்லப் போகிறவருக்கு என்ன பாதுகாப்பு? பந்தலூரிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லைன் வீட்டில் (தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டில்) குடியிருக்கும் பெண் எழுதியிருக்கிறார்: "பக்கத்து லைனில் ஒருவரை அரிவாளால் வெட்டியதை எங்கள் அம்மா நேரில் பார்த்துவிட்டார். வெட்டுப்பட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஸ்டேஷனில் இருந்து போன் போட்டு அம்மாவை வரச் சொல்கிறார்கள். வெட்டினவரின் சொந்தக்காரர்கள் எங்களுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள். ஒண்ணும் பார்க்கலைன்னு சொல்லிட்டா போச்சு என்று லைனில் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. என்ன செய்வது?"

நான் நீலகிரியில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிற வக்கீல். சாட்சியை விசாரிக்கிற பக்கமும் நின்றிருக்கிறேன், குறுக்கு விசாரணை செய்கிற பக்கமும் நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரோடு அடிக்கடி வருகிறது. கோத்தகிரியில் இருந்து வரும், மஞ்சூரில் இருந்து வரும், சேரம்பாடியில் இருந்து வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் போன் விஷயம். சாட்சியை விசாரணைக்கு அழைக்க வேண்டுமானால் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 160ஆம் பிரிவாக இருந்தது. அழைக்கிற அதிகாரியின் ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ, அதை ஒட்டியிருக்கிற ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருப்பவரைத்தான் அப்படி அழைக்க முடியும்.

உங்கள் அம்மாவுக்கு இதைவிட முக்கியமான ஒன்று அதே பிரிவில் இருக்கிறது. பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், கடும் நோயில் இருப்பவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. இது ஏட்டில் மட்டும் இருக்கிற விதி என்று நினைக்க வேண்டாம். ஒரிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்ன வழக்கில், பெண்ணை அப்படி அழைத்தது சட்டத்தை மீறியது என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே கண்டித்திருக்கிறது. முன்னாள் முதல்வருக்கு இருக்கிற அதே உரிமைதான் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கும்.

ஆனால் லைன் வீட்டு வாழ்க்கை எனக்குத் தெரியும். போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றால் அடுத்த அரை மணி நேரத்தில் மேல் லைன், கீழ் லைன் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விடும். வீட்டுக்கு வந்து விசாரிக்கட்டும் என்று சட்டம் சொல்வது நல்லதுக்குத்தான், ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டின வீட்டில் அது அம்மாவை ஊர் நடுவே நிறுத்தி வைத்த மாதிரி ஆகலாம். இதற்குப் புதிய சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: அந்தப் பெண்ணே விரும்பினால் ஸ்டேஷனுக்கு வர அனுமதிக்கலாம். ஆக, முடிவு அம்மாவுடையது. ஸ்டேஷனுக்குப் போவது அமைதியாக முடியும் என்று தோன்றினால் பகலில், நீங்களும் கூடப் போய், பெண் போலீஸ் இருக்கும்போது சொல்லிவிட்டு வரலாம். வீட்டில் வைத்துத்தான் என்றால், யூனிஃபார்ம் இல்லாமல் வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நியாயமாகக் கேட்டால் பல எஸ்.ஐ.க்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: எஸ்டேட் ஆபீசிலோ கங்காணி (தொழிலாளர்களின் மேற்பார்வையாளர்) வீட்டிலோ உட்கார வைத்து விசாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் மறுநாள் மஸ்டரில், அதாவது வேலைக்குப் பெயர் பதியக் கூடுகிற இடத்தில், பேச்சாகிவிடும்.

விசாரணையில் என்ன நடக்கும் என்றால், போலீஸ் கேட்கும், அம்மா சொல்வார், ரைட்டர் எழுதுவார். இதைத்தான் இன்னும் பழக்கத்தில் "161 ஸ்டேட்மென்ட்" என்கிறோம், புதிய சட்டத்தில் 180ஆம் பிரிவு. கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கடமை சாட்சிக்கு உண்டு. தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தேவையில்லை. இந்த வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. சட்டமே தடுத்திருக்கிறது. கைநாட்டும் அப்படித்தான். எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டால் எந்தச் சூழ்நிலையிலும் போடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அரிவாளைக் கைப்பற்றினோம், சட்டையைக் கைப்பற்றினோம் என்று எழுதுகிற மகஜர் வேறு. அதில் சாட்சிக் கையெழுத்து உண்டு. அதையும் கண் முன்னால் கைப்பற்றியிருந்தால் மட்டும், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

போலீஸ் மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குமூலம் வாங்கக் கூடாது. பார்த்ததைக் குறைத்துச் சொல்லச் சொன்னாலும் தப்பு, பார்க்காததைச் சேர்த்துச் சொல்லச் சொன்னாலும் தப்பு. இரண்டாவது வகை அழுத்தம்தான் அதிகம் என்பது என் அனுபவம். வெட்டின ஆளோடு அவர் தம்பியும் நின்றார் என்று சொல்லுங்கம்மா, கேஸ் பலமாக இருக்கும் என்பார்கள். தம்பியைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லைதான். அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் அம்மா சொன்ன ஒன்பது உண்மையையும் உடைத்துவிடுவார்.

சரி, இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். "பார்க்கவில்லை" என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை. அந்தப் பொய் அம்மாவைக் காப்பாற்றாது என்பதால் சொல்கிறேன். வெட்டுப்பட்டவர் பிழைத்து எழுந்து, "இந்த அக்கா அங்கேதான் நின்றார்" என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் குடும்பத்துக்கு அம்மா எதிரி. போலீஸுக்குச் சந்தேகம். வெட்டினவர் தரப்புக்கோ, எப்போது வேண்டுமானாலும் வாய் திறக்கக்கூடிய ஆள் என்ற பயம் அப்படியே இருக்கும். பார்த்தவர் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, சொல்லாமல் இருப்பவரைவிடச் சொல்லி முடித்தவரைத் தொடுவதுதான் அவர்களுக்கு ஆபத்து. ஏனென்றால் சொன்ன வார்த்தை காகிதத்தில் ஏறிவிட்டது, இனி அவரை மிரட்டினால் அது தனிக் குற்றம்.

நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் 7 ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. நடைமுறையில் பிறழ் சாட்சிகள் (முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவர்கள்) மீது வழக்குப் போடுவது குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. 2002 கலவரத்தில் ஒரு பேக்கரியில் இருந்தவர்களைக் கொன்றது பற்றிய குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கு ஞாபகம் இருக்கும். முக்கிய சாட்சியான ஜாஹிரா ஷேக் மாற்றிச் சொன்னதால் எல்லோரும் விடுதலை ஆனார்கள். மிரட்டலில்தான் மாற்றிச் சொன்னேன் என்று அவர் பிறகு சொன்னார். உச்ச நீதிமன்றம் 2004ல் வழக்கை மகாராஷ்டிராவுக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. சாட்சிகளைக் காப்பாற்றாத அரசை அந்தத் தீர்ப்பு கடுமையாகச் சாடியது. அதே சாட்சி அப்புறம் மறுபடியும் மாற்றிச் சொன்னபோது, 2006ல் அதே நீதிமன்றம் அவருக்கு ஓராண்டு சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பயப்படுகிற சாட்சிக்கு நீதிமன்றத்தில் இடம் உண்டு. பேச்சை மாற்றிக்கொண்டே போகிற சாட்சிக்கு அந்த இடம் சுருங்கிவிடும்.

எனவே பயத்தை மறைக்காமல், அதையே எழுதிக் கொடுங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒரு திட்டம் இருக்கிறது.

சாமியார் ஆசாராம் மீதான பாலியல் குற்ற வழக்கில் சாட்சிகள் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மகேந்தர் சாவ்லா வழக்கு. 2018 டிசம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018ஐ ஏற்று, தனிச் சட்டம் வரும்வரை நாடு முழுக்க இதுவே சட்டம் என்று உத்தரவிட்டது. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது.

2018 திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நிலைக்குழு. மாவட்ட முதன்மை நீதிபதி தலைவர், மாவட்டக் காவல் தலைவர் உறுப்பினர், மாவட்டத்தின் அரசு வழக்கு நடத்தும் பிரிவின் தலைவர் உறுப்பினர் செயலர். மனுவை அந்தச் செயலரிடம் கொடுக்க வேண்டும். சாட்சியே கொடுக்கலாம், குடும்பத்தில் ஒருவர் கொடுக்கலாம், வக்கீல் கொடுக்கலாம், விசாரணை அதிகாரியும் கொடுக்கலாம். அதாவது மகளாகிய நீங்களே கொடுக்கலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும் இது பொருந்தும். அரிவாள் வெட்டு கொலை முயற்சியாகப் பதிவாகியிருந்தால் உங்கள் வழக்கு இதற்குள் வந்துவிடும். எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனு போனதும் அந்த உட்கோட்ட டி.எஸ்.பி.யிடம் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கை கேட்பார்கள். அவர் உத்தரவு கிடைத்த 5 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 5 வேலை நாளில் குழு முடிவெடுக்க வேண்டும். ஆபத்து உடனடியாக இருந்தால் அதற்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்பு கொடுக்கலாம். விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும், தாள்கள் ரகசியமாக இருக்கும். அச்சுறுத்தலை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: உயிருக்கு ஆபத்து, உடல் பாதுகாப்புக்கோ சொத்துக்கோ நற்பெயருக்கோ ஆபத்து, தொந்தரவு அல்லது மிரட்டல் அளவில் இருப்பது. அதற்கு ஏற்ற மாதிரி வீட்டுப் பக்கம் ரோந்து, கதவுக்கும் வேலிக்கும் பாதுகாப்பு, கேமரா, போன் நம்பர் மாற்றுவது, தற்காலிகமாக வேறு இடத்தில் தங்க வைப்பது, கோர்ட்டுக்கு அரசு வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது, குற்றம் சாட்டப்பட்டவரை முகத்துக்கு முகம் பார்க்காமல் சாட்சி சொல்ல ஏற்பாடு என்று பலதும் கேட்கலாம். ஒரு உத்தரவு ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேல் போகாது. தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எஸ்டேட் லைனில் துப்பாக்கி பிடித்த போலீஸ் 24 மணி நேரமும் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடையாளத்தை மறைப்பது, ஊரை மாற்றுவது போன்றவை நகரத்தில் கொஞ்சம் நடக்கும். முப்பது குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே தண்ணீர்க் குழாயில் குடம் வைக்கிற இடத்தில், யார் சாட்சி என்பதை மறைக்கவே முடியாது. வேலையும் வீடும் ஒரே எஸ்டேட்டில் இருப்பவரிடம் ஊரை மாற்று என்றால் வேலையை விடு என்று அர்த்தம். அதனால் என் யோசனை, மனுவில் பெரியதாக ஒன்றைக் கேட்காமல் நடக்கக்கூடிய சிலவற்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: இரவு ரோந்து, ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் நேரடி போன் நம்பர், கோர்ட் நாளில் வண்டி, கூட்டிப்போக ஆள். மனுவில் "எங்களுக்கு மிரட்டல் இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் டி.எஸ்.பி. அறிக்கையில் ஒன்றும் நிற்காது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், என்ன வார்த்தை சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதுங்கள். குழாயடியில் சொன்னால் குழாயடி என்றே எழுதுங்கள். போனில் வந்தால் நம்பரும் நேரமும். இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு அன்றன்றைக்குக் குறித்து வையுங்கள்.

மனு எழுதத் தெரியவில்லை, வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாவட்ட அலுவலகம் ஊட்டியில், தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழுக்கள். இலவச சட்ட உதவிக்குப் பெண் என்பதே தகுதி, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அப்படித்தான். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மிரட்டலே தனிக் குற்றம் என்று மேலே சொன்னேன். பொய் சாட்சி சொல்லச் சொல்லி ஒருவரை மிரட்டினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை தண்டனை. சாட்சியே இதற்குப் புகார் கொடுக்கலாம். இதோடு இன்னொரு ஆயுதமும் இருக்கிறது, பெரும்பாலும் அதுதான் வேகமாக வேலை செய்யும். கடுமையான குற்றங்களில் ஜாமீன் கொடுக்கும்போது, வழக்கு பற்றித் தெரிந்தவர்களை நேராகவோ ஆள் வைத்தோ மிரட்டக் கூடாது, ஆசை காட்டக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடும். ஜாமீனில் வந்தவர் அதை மீறினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். நாலு வீடு தள்ளி இருக்கிற சொந்தக்காரர் வந்து பேசினாலும் அது "ஆள் வைத்து" என்பதற்குள் வரும். போலீஸிடமும் அரசு வக்கீலிடமும் எழுதிக் கொடுங்கள். ஜாமீன் போய்விடும் என்ற பயம் வந்தால் பாதிப் பேர் தாமாகவே அடங்கிவிடுவார்கள்.

மிரட்டல் எப்போது வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நேரம் இருக்கிறது. ஜாமீன் மனு போடும் சமயம் ஒன்று. குற்றப்பத்திரிகை தாக்கலாகி அதன் நகல் எதிர்த்தரப்பு கையில் கிடைக்கும்போது இரண்டாவது. யார் யார் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். மூன்றாவது, சாட்சி சொல்லச் சம்மன் வந்த வாரம். பாதுகாப்பு மனுவைக் குற்றப்பத்திரிகைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதேபோல, மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுப்பதைப் பற்றியும் போலீஸிடம் கேளுங்கள். பழைய 164, இப்போது 183ஆம் பிரிவு. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில், போலீஸ் கூட்டிவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. சாட்சி தானாகப் போய் நின்று கேட்க முடியாது, விசாரணை அதிகாரி மூலமாகத்தான் போக வேண்டும். சத்தியப் பிரமாணம் செய்து சொல்வதால், அதற்குப் பிறகு மாற்றிச் சொல்வது கஷ்டம். இதைப் பாரமாக நினைப்பவர்கள் உண்டு. நான் பாதுகாப்பாகப் பார்க்கிறேன். "மாஜிஸ்திரேட் முன்னாடி சொல்லியாச்சு, இனிமே மாத்தினா என்னைத்தான் உள்ளே வைப்பாங்க" என்று அம்மா சமாதானம் பேச வருகிறவரிடம் சொல்லலாம். வந்தவருக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

இனி கோர்ட். கொலை முயற்சி வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். நம் மாவட்டத்துக்கு அது ஊட்டியில், காக்காத்தோப்பு வளாகம். பந்தலூரில் இருந்து முதல் பஸ் பிடித்து, கூடலூரில் மாறி, நடுவட்டம், பைக்காரா வழியாக ஏறினால் 70 கிலோமீட்டருக்கு மேல். தேவாலா மழை பிடித்துக்கொண்டால், வழியில் ஒரு மரம் சாய்ந்தால், பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடும்போது அம்மா இன்னும் பஸ்ஸில் இருப்பார். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. மலையில் சாட்சிக்கு முதல் தண்டனை இந்த ரோடுதான். வர முடியாமல் போனால் உடனே சம்மன் கொண்டுவந்த கோர்ட் போலீஸுக்கோ அரசு வக்கீல் அலுவலகத்துக்கோ போன் செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும், நியாயமான காரணம் இல்லாவிட்டால் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கோர்ட்டுக்குப் போகிற சாட்சியைப் போலீஸோடுதான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, தேவையில்லாமல் கட்டுப்படுத்தவும் கூடாது. இதுவும் சட்டத்தில் இருக்கிறது. துணைக்கு ஒரு கான்ஸ்டபிள் வருவதை அம்மா விரும்பினால் அது வேறு.

ஊட்டி வரை போகாமல் வீடியோ மூலம் சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். 2003லேயே உச்ச நீதிமன்றம் பிரஃபுல் தேசாய் வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. அரசு அறிவிக்கும் இடங்களில் இருந்து காணொலி வழியே சாட்சி சொல்ல புதிய சட்டமும் இடம் கொடுக்கிறது. அரசு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள். வயது, உடல்நிலை, தூரம், மிரட்டல் எல்லாவற்றையும் காரணமாகக் காட்டலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். சாட்சி நேரில் நின்று சொல்வதைப் பார்க்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு எதிர்க்கும், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மலை மாவட்டத்தில் இதைக் கேட்காமலே விடுவதுதான் பெரிய குறை.

பஸ் செலவும் போன கூலியும்? சாட்சியின் நியாயமான செலவை அரசு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இதைத்தான் பேட்டா என்கிறோம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். சாட்சி சொல்லி முடித்த அன்றே, கூண்டை விட்டு இறங்கும் முன் நீதிபதியிடமே "ஐயா, பந்தலூர்ல இருந்து வந்திருக்கேன், பேட்டா வேணும்" என்று அம்மா சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பஸ் டிக்கெட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். கிடைக்கிற தொகை ஒரு நாள் கூலியை ஈடுகட்டும் என்று சொல்ல மாட்டேன். இதில் அரசு சாட்சிகளுக்குச் செய்வது போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு நாள் வேலையும் விட்டு வருகிறவர் அரசாங்கத்தின் வேலையைத்தான் செய்ய வருகிறார்.

வெட்டுப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் நிலைமை வேறு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வாழும் நம் பகுதியில் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதி, சாட்சிக்கும் போகவர உண்மையான பயணச் செலவு, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படி, பராமரிப்புச் செலவு எல்லாம் தரச் சொல்கிறது. மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெண் சாட்சி தனக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாம், அவருக்கும் செலவு உண்டு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரின் உரிமைகளோடு சாட்சியின் உரிமைகளையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. சாட்சி எந்தச் சாதி என்பது இதற்குத் தேவையில்லை, வழக்கு எந்தச் சட்டத்தில் நடக்கிறது என்பதுதான் கணக்கு.

வாய்தா பற்றி. சாட்சி வந்து நிற்கும்போது அவரை விசாரிக்காமல் தள்ளி வைக்கக் கூடாது, தள்ளி வைத்தால் அதற்கான தனிக் காரணத்தை எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமாகாது. எதிர்த்தரப்பால் வாய்தா என்றால் வந்த சாட்சிக்குச் செலவுத் தொகை கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். அரசு வக்கீல் அதைக் கேட்கட்டும். 2000ஆம் ஆண்டில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாள் முழுக்கக் காக்க வைக்கப்படுகிற, உட்கார இடமில்லாத, குடிக்கத் தண்ணீர் இல்லாத சாட்சியைப் பற்றி மனம் நொந்து எழுதியது. அதற்கு 23 வருடம் கழித்து, 2023ல், நம் ஊட்டிப் புதிய வளாகத்தில் பெண் வக்கீல்களுக்குப் போதிய கழிப்பறை இல்லை என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. தினமும் வருகிற வக்கீல்களுக்கே அந்த நிலை என்றால், முதல் தடவை வருகிற பெண் சாட்சி யாரிடம் போய்க் கேட்பார்? 2025 ஜனவரியில் எல்லா நீதிமன்றங்களிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநர் என அனைவருக்கும் கழிப்பறை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அம்மாவோடு போகிறவர் காலையிலேயே இடம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டில் நிற்கும்போது: முதலில் அரசு வக்கீல் கேட்பார், பிறகு எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். நிற்க முடியவில்லை என்றால் உட்காரக் கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம். ஞாபகம் இல்லாததற்கு "ஞாபகம் இல்லை" என்று சொல்வது முறையான பதில். "ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்று வக்கீல் மிரட்டினால் நீதிபதியைப் பார்த்து, "ஐயா, இதுக்கு ஒரே வார்த்தையில சொன்னா தப்பா ஆயிடும்" என்று சொல்லலாம். ஆபாசமான, அவமானப்படுத்துவதற்காகவே கேட்கிற கேள்விகளைத் தடுக்கும் அதிகாரம் நீதிபதிக்குச் சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிபதியின் கட்டளையால் பதில் சொல்லும்போது அம்மாவின் மேல் ஏதாவது குற்றம் தெரியவந்தாலும், அந்தப் பதிலை வைத்து அவர் மீது வழக்குப் போட முடியாது. பொய் சாட்சி சொன்னதற்கு மட்டும் விதிவிலக்கு.

கடைசியில் ஒன்று நடக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. அம்மா சொன்னதையெல்லாம் டைப் செய்து, படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். படித்துக் காட்டுவதும் தவறு இருந்தால் சொல்ல இடம் கொடுப்பதும் சட்டப்படி கட்டாயம். மாலை நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்ற அவசரத்தில் சாட்சிகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு வழக்கில் "பத்தடி தூரத்தில் இருந்து பார்த்தேன்" என்று சாட்சி சொன்னது தாளில் "நூறடி" என்று ஏறியிருந்தது. அந்த அம்மா படித்துக் காட்டும்போது கையைத் தூக்கி, "இல்லைங்க, பத்தடி" என்றார். நீதிபதி அங்கேயே திருத்தினார். அது திருத்தாமல் போயிருந்தால், அந்தி நேரத்தில் நூறடி தள்ளி முகம் எப்படித் தெரியும் என்ற ஒரே வாதத்தில் வழக்கே போயிருக்கும். மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். பஸ் போனால் அடுத்த பஸ் இருக்கிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஸ்டேஷனுக்குப் போன் செய்து, அம்மாவை எங்கே, எந்த நேரத்தில் விசாரிக்கலாம் என்று நீங்களே ஒரு நாள் சொல்லுங்கள், எழுத்தில் அழைப்புக் கேளுங்கள். இதுவரை லைனில் யார் யார் வந்து என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள். இந்த வாரத்துக்குள் வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பு மனுவைத் தயார் செய்யுங்கள். மனுவுக்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். தேதி முத்திரை போட்ட நகல் கையில் இருந்தால்தான் அடுத்த கட்டத்தில் நான் உட்பட எந்த வக்கீலும் உங்களுக்காக வாதாட முடியும்.